மயில்வாகனன் என்னும் மாணவன்

சுவாமி விபுலாநந்தரை நாம் துறவியாக அறிவோம், பேராசிரியராக அறிவோம், யாழ்நூல் கண்ட பேரறிஞராக அறிவோம். காவியுடுத்த அத்திருவுருவத்தைப் படங்களிற் கண்டு பழகிய நமக்கு, அவரும் ஒரு காலத்திற் பரீட்சைக்குப் படித்த மாணவரே என்பது எளிதில் நினைவுக்கு வருவதில்லை. பாடப் படிப்பையும் அதற்குப் புறம்பான முயற்சிகளையும் ஒருங்கே கொண்டு செல்வது எங்ஙனம் என்று இன்றைய மாணவர் திகைத்து நிற்கின்றனர். ஆதலின் அந்த மாணவரின் வரலாற்றையே ஈண்டுக் கூற விழைந்தோம்.

மட்டக்களப்புக்குத் தெற்கேயுள்ள காரைதீவில், சாமித்தம்பிக்கும் கண்ணம்மைக்கும் மகனாக 1892ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். மயில்வாகனன் என்பது பிள்ளைத் திருநாமம். ஊரிலே குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் கல்வி தொடங்கினார். பின்னர் கல்முனையில் மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும், மட்டக்களப்பில் இயேசு சபைக் குருமார் நடத்திய அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் கற்றார். ஆங்கிலமும் கணிதமும் விஞ்ஞானமும் அங்கே கிடைத்தன. தமிழையோ அவர் ஊரிலும் உறவினரிடத்தும் தேடிக் கற்றார். இவ்வாறு இளமையிலேயே அவருக்குப் படிப்பு இரண்டாயிற்று. 1908ஆம் ஆண்டில், பதினாறு வயதிற் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார்.

அக்காலத்தில் இலங்கையிற் பல்கலைக்கழகம் இல்லை. கொழும்பிலே யூனிவேர்சிட்டி கல்லூரி தோன்றியதே 1921இல் ஆகும். பட்டம் வேண்டுவோர் கடல் கடந்து செல்லவேண்டும். அன்றேல் உள்ளூரில் இருந்தபடியே இலண்டன் பரீட்சைக்குத் தாமே படிக்கவேண்டும். மயில்வாகனனார் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். 1911இல் ஆங்கில ஆசிரியப் பயிற்சி பெறக் கொழும்புக்குச் சென்றார். பயிற்சி இரண்டாண்டு. அவ்வாண்டுகளிலேதான் தென்கோவைக் கந்தையாபிள்ளை, கைலாசபிள்ளை ஆகிய பெரியாரை அடுத்துத் தமிழிலக்கியங்களை ஆழ்ந்து பயின்றார். ஆங்கில ஆசிரியராவதற்கு அது வேண்டப்பட்டதன்று. அவருக்கு அது வேண்டியிருந்தது.

மீண்டும் சில ஆண்டு ஆசிரியப் பணி. 1915இற் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து, 1916இல் விஞ்ஞான டிப்புளோமாப் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். இலங்கையிலிருந்து அப்பட்டத்தை முதன்முதற் பெற்றவர் அவரே என்பர். இரசாயனமும் இலக்கணமும் ஓராண்டில் ஒரே மேசையில் இருந்தன என்று எண்ணும்போது நமக்கு வியப்பும், சிறிது நாணமும் உண்டாகின்றன. அடுத்த ஆண்டில் யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். கற்பித்துக்கொண்டே படித்து, 1920இல் இலண்டன் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.

1908இலிருந்து 1920 வரை பன்னிரண்டு ஆண்டு! ஒன்றையே பற்றியிருந்தால் இதனினும் விரைவில் முடித்திருத்தல் கூடும். அவர் விரையவில்லை, இரண்டில் ஒன்றையும் கைவிடவுமில்லை. படிப்பைச் சமன்செய்தல் என்பது நாளின் நாழிகைகளை நிறுத்துப் பங்கிடுவது மட்டுமன்று, எதனை விடக்கூடாது என்று முதலில் துணிவதே என்பது இவ்வரலாற்றால் நாம் அறிவது.

பட்டம் பெற்றபின் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபரானார். 1922இற் சென்னை சென்று இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்து, 1924இல் விபுலாநந்தர் என்னும் துறவுப் பெயர் பூண்டார். மட்டக்களப்பிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். மறைந்துபோன யாழைப் பற்றி ஏறத்தாழப் பதினான்கு ஆண்டு ஆராய்ந்தார். பழந்தமிழ் நூல்களிற் காணும் இசைக் குறிப்புகளைத் தமிழ்ப் பண்டிதர் அறிவர்; நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள கணக்கை விஞ்ஞானம் கற்றோர் அறிவர். இரண்டையும் அறிந்தவர் அவர். பிரிந்தோடிய இரு படிப்பும் யாழ்நூலில் ஒன்றாயின. 1947 ஜூனில் அந்நூல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே, ஜூலை 19ஆம் நாள், அடிகளார் இறைவனடி சேர்ந்தார்.

நம் குறை ஒன்றையும் சொல்லவேண்டும். மிஷன் பாடசாலையிற் பகலில் விஞ்ஞானம் கற்று, மாலையிற் கோயிலிலே பண்ணிசை பயின்றவர் நாம். உயர்தரப் பரீட்சை நெருங்கியதும், பல்கலைக்கழகம் புகுந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று பண்ணிசையை நிறுத்தினோம். புகுந்து மூன்றாண்டாயிற்று, அந்தப் 'பின்' இன்னும் வரவில்லை. குரல் நம்மை மறந்துவிட்டது.

அடிகளாருக்குப் பன்னிரண்டு ஆண்டு கிடைத்தது, நமக்கோ மூன்று தடவைதானே என்று தம்பி தங்கையர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பரீட்சையை அலட்சியம் செய்யுமாறு நாம் கூறவில்லை. அடிகளாரும் அலட்சியம் செய்தவரல்லர். ஆயின் கிழமைக்கு ஒரு மணி நேரமாவது விரும்பிய கலைக்கோ விளையாட்டுக்கோ தொண்டுக்கோ ஒதுக்குங்கள். மெலிந்த நூலாயினும் அறாதிருந்தால் பின்னர் திரித்துக்கொள்ளலாம். அறுந்ததை முடிவது அரிது.

பெரியோரிடமும் ஒரு விண்ணப்பம். பிள்ளை அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்கும்போது, காரைதீவு மயில்வாகனனை ஒருகணம் நினைத்து விடையளியுங்கள்.