பதினேழு தொழில் பார்த்த பாட்டுக்காரர்



நம் பகுதிக்கு எழுதுகிற இளைஞர்கள் அடிக்கடி ஒரு சந்தேகம் கேட்கிறார்கள். பாட்டுக் கட்ட ஆசை இருக்கிறது, ஆனால் படிப்பு பாதியிலேயே நின்றுபோச்சு, பால்வாளி தூக்குகிற கைக்குப் பேனா பிடிபடுமா என்பதுதான் அது. அவர்களுக்காக இந்த வாரம் ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறோம். அவர் மக்கள் கவிஞர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில் அவர் பாட்டைக் கேட்காத லயம் உண்டா? பாட்டு தெரியும், எழுதியவரைத்தான் நம்மில் பலருக்குத் தெரியாது.

தஞ்சை மாவட்டத்தில், பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் செங்கப்படுத்தான்காடு என்று ஒரு சிற்றூர். அங்கே 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் பிறந்தார். தகப்பனார் அருணாசலம், தாயார் விசாலாட்சி. விவசாயக் குடும்பம். தகப்பனாருக்கும் பாட்டுக் கட்டத் தெரியும். அவர் கும்மிப் பாட்டிலேயே ஒரு நூல் செய்திருக்கிறார். ஆகவே பையன் காதில் முதலில் விழுந்தது இலக்கணம் அல்ல, கும்மியின் தாளம்.

பள்ளிப் படிப்பு என்று பார்த்தால் திண்ணைப் பள்ளியில் கொஞ்ச காலம். மற்றதை அண்ணனிடம் கற்றுக்கொண்டார். அப்புறம் வயிற்றுப்பாடு வந்துவிட்டது. மாடு மேய்த்தார், வயல் வேலை செய்தார். மாம்பழம் விற்றார், இட்லி விற்றார், முறுக்கு விற்றார், தென்னங்கீற்று விற்றார். மீனும் நண்டும் பிடித்தார். உப்பளத்தில் வெயிலில் நின்றார். தண்ணீர் வண்டி ஓட்டினார். மிஷின் ஓட்டினார். நாடகத்தில் நடித்தார், ஆடினார். இப்படிப் பதினேழு தொழில் பார்த்தவர் என்று கணக்குச் சொல்வார்கள். கடைசித் தொழில்தான் பாட்டு.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பதினாறு தொழிலும் வீண் போகவில்லை. உப்பள வெயில் எப்படிச் சுடும், விற்காத பழத்தைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்புகிறவன் மனசு எப்படி இருக்கும் என்பதெல்லாம் அவர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. பட்டுத் தெரிந்தது.

பதினைந்து, பதினாறு வயதிருக்கும். வயலுக்குப் போய்த் திரும்புகிற வழியில் ஊர்க் குளத்தங்கரையில் களைப்போடு உட்கார்ந்தார். தண்ணீரில் அலை அடிக்கிறது, தாமரை இலை ஆடுகிறது, மீன் துள்ளுகிறது. தினமும் பார்க்கிற காட்சிதான். அன்றைக்கு அதைப் பார்த்துப் பாடத் தோன்றியது, பாடினார். அதுதான் தொடக்கம். கண்ணுக்கு எதிரே இருந்ததைத்தான் முதலில் பாடினார். காணாத மாளிகையையும் ராணியையும் பாடப் போகவில்லை.

ஆனால் ஆசை மட்டும் போதுமா? வெட்டுக் கத்தியைக் கையில் கொடுத்தவுடனே மரம் வெட்ட வந்துவிடுமா? பட்டையில் எவ்வளவு ஆழம் போகலாம் என்று கைக்குத் தெரிய எத்தனை நாள் ஆகிறது! பாட்டும் அப்படித்தான். இவர் பாரதியாரைப் படித்தார், பாரதிதாசனைப் படித்தார். படித்ததோடு நிற்காமல் புதுச்சேரிக்கே போய்ப் பாரதிதாசனுடன் தங்கினார். குரு எழுதுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தார், அவர் நடத்திய குயில் இதழுக்கு உதவியாக இருந்தார். எந்தச் சொல்லை வைக்கிறார், எதை அடிக்கிறார், ஏன் அடிக்கிறார் என்று பார்த்ததே அவருக்குப் படிப்பு.

அங்கே நடந்ததாக ஒரு சங்கதி சொல்வார்கள். தன் கவிதையைக் குருவிடம் நேரில் நீட்ட இவருக்குக் கூச்சம். அகல்யா என்று வேறு பெயர் போட்டு, வெளியாள் அனுப்புகிற மாதிரி தபாலில் குயிலுக்கு அனுப்பிவிட்டாராம். பாரதிதாசன் படித்துப் பார்த்துப் பாராட்டினார். அப்புறம்தான் அது பக்கத்திலேயே இருக்கிற பையன் எழுதியது என்று தெரிந்ததாம். முகத்துக்காக வந்த புகழ்ச்சி இல்லை, எழுத்துக்காக வந்தது. அந்த நன்றியைக் கடைசிவரை அவர் மறக்கவில்லை. தாளில் எழுதத் தொடங்கும்போது மற்றவர்கள் பிள்ளையார் சுழி போடுகிற இடத்தில், இவர் பாரதிதாசனை வாழ்த்தி எழுதிவிட்டுத்தான் தொடங்குவார்.

ஊரில் விவசாயிகள் இயக்கத்தோடும் சேர்ந்திருந்தார். பொதுவுடைமைக் கட்சியின் ஜனசக்தி ஏட்டில் அவர் பாட்டுகள் வந்தன. கூட்டத்திலும் நாடகத்திலும் பாடுகிற பாட்டுக்கு ஒரு சோதனை உண்டு. கேட்கிறவனுக்கு ஒரே தடவையில் புரிய வேண்டும். புரியவில்லை என்றால் பீடி பற்றவைக்க எழுந்து போய்விடுவான். இவர் கடுஞ்சொல்லைத் தள்ளிவிட்டுப் பேச்சுச் சொல்லை எடுத்துக்கொண்டது இந்தப் பழக்கத்தில்தான்.

பிறகு சென்னை. நடிகர் ஓ.ஏ.கே. தேவர் போன்ற நண்பர்களோடு சிறிய அறையில் தங்கி வாய்ப்புத் தேடினார். சில நாள் சோறு, சில நாள் பட்டினி. பாட்டு எழுதிக் கொடுத்த பிறகும் பணம் கைக்கு வராது. ஒரு படமுதலாளி இவரை நிற்க வைத்தே நாளைக் கடத்தினாராம். இவர் சத்தம் போடவில்லை. தன்மானம் விட்டு நிற்கமாட்டேன் என்ற கருத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, அவருடைய நாற்காலியில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார். பணம் பின்னாலேயே வந்து சேர்ந்தது என்று சொல்வார்கள். செய்த வேலைக்குக் கூலி கேட்பது பிச்சை இல்லை என்று நமக்கும் தெரியும்தானே?

சினிமாப் பாட்டு இன்னொரு வித்தை. பெரும்பாலும் இசையமைப்பாளர் மெட்டை முதலில் போட்டுவிடுவார். எங்கே நீள்கிறது, எங்கே குறுகுகிறது என்று காதால் அளந்து சொல்லைப் பொருத்த வேண்டும். அளவு தவறினால் பாட்டு நொண்டும். கும்மியிலும் தெம்மாங்கிலும் வளர்ந்த காதுக்கு இது சிரமமாக இல்லை.

1956இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த பாசவலை வந்தது. இந்தப் புது ஆள் என்ன எழுதிவிடப் போகிறார் என்று முதலில் அசட்டையாக இருந்ததையும், பாட்டைப் படித்ததும் அசந்துபோனதையும் இசையமைப்பாளர் எம்.எஸ். விசுவநாதனே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1958இல் எம்.ஜி.ஆரின் நாடோடி மன்னன். அதில் வயலில் பாடுபடுகிற புருஷனும் பெண்சாதியும் கேள்வியும் பதிலுமாகப் பாடுகிற பாட்டு இவருடையது. விளைச்சல் இவ்வளவு இருந்தும் நம் கையில் என்ன மிச்சம் என்று அவள் கேட்கிறாள். அவன் நல்ல காலம் வரும் என்று நம்பிக்கை சொல்கிறான். பெரட்டுக்கு விடியுமுன்னே எழுந்து ஓடுகிற நமக்கு அதற்கு உரை வேண்டுமா?

1959இல் கல்யாணப்பரிசு வந்தது. இரும்புத்திரை படத்துக்கும் எழுதினார். சம்பளக் காசு கைக்கு வந்து பைக்குப் போகுமுன்னே கரைந்துவிடுவதை ஒரு தொழிலாளி பாடுவானே, அதுவும் இவர் எழுதியதுதான். கடைக்கணக்குத் தீர்த்துவிட்டு வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பிய எவரும் அந்தப் பாட்டை மறக்கமாட்டார்கள்.

இரும்புத்திரை 1960இல் வெளிவந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1959 அக்டோபர் 8ஆம் நாள் சென்னையில் காலமானார். வயது 29. மனைவி கௌரவம்பாள், கையில் பால்குடி மறவாத மகன். சினிமாவுக்கு எழுதியது ஐந்தாறு ஆண்டுதான். 1961இல் வந்த அரசிளங்குமரியிலும் திருடாதேயிலும் சிறுவர்களுக்குப் புத்தி சொல்லும் அவர் பாட்டு ஒலித்தபோது, அவர் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இன்று பட்டுக்கோட்டையில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது.

தம்பிகளே, தங்கைகளே, இதில் நமக்கு என்ன பாடம்? நல்ல கவிஞரின் புத்தகம் ஒன்றை வாங்கித் திரும்பத் திரும்பப் படியுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் அவர் பாடும் தாலாட்டையும் தெம்மாங்கையும் முதலில் எழுதி வையுங்கள். தாளம் அங்கேதான் இருக்கிறது. பிறகு தெரிந்த மெட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, நீங்கள் கண்ணால் பார்த்ததை அதில் பொருத்திப் பாருங்கள். ரப்பர் மரமோ செம்பனைக் குலையோ, பிள்ளையின் பள்ளிக்கூடப் பையோ, எதுவாக இருந்தாலும் சரி. வேலை முடிந்து வந்தவரிடம் பாடிக் காட்டுங்கள். அவருக்குப் புரியாத சொல்லை அடித்துவிடுங்கள். நாளைக்கு எழுதலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அவருக்குக் கிடைத்தது 29 வருஷம்தான்.

பால்வாளி தூக்குகிற கைக்குப் பேனா பிடிபடுமா என்று கேட்டீர்கள். தண்ணீர் வண்டி ஓட்டிய கைக்குப் பிடிபட்டிருக்கிறது. எழுதி அனுப்புங்கள், நாம் காத்திருக்கிறோம்.