அஞ்சல்தலை கண்ட வீரர்

குடகுமலையில் தோன்றும் காவிரி, சோழவளநாட்டில் பல கிளைகளாகப் பிரிந்து, வயல்தோறும் நீர் பாய்ச்சி, இறுதியில் கடலை அடைகின்றது. அக்கிளைகளுள் ஒன்றாகிய கோரையாறு கடலோடு கலக்கும் பகுதியில் அமைந்த ஊர் முத்துப்பேட்டை. நெல்வயல்கள் ஒருபுறமும் அலையாத்திக் காடுகள் மறுபுறமும் சூழ்ந்த அவ்வூருக்கும், இந்திய நாட்டின் ஏனைய ஊர்களுக்கும், 1990ஆம் ஆண்டில் புதியதோர் அஞ்சல்தலை வந்து சேர்ந்தது. அதில் விளங்கிய முகத்தை அறியாதார் அந்நாட்டில் எவரும் இலர். அவரே எம்.ஜி.ஆர். என மூன்றெழுத்தால் வழங்கப்பெறும் எம். ஜி. இராமச்சந்திரன். அவர் மறைந்து ஈராண்டு கழிந்தபின் அரசு அவருக்குச் செய்த சிறப்பு அது.

ஆற்றுப்பாசன நாட்டுச் சிற்றூர்களில் சிலம்பம் கற்பிக்கும் ஆசானை மக்கள் வாத்தியார் என்று அழைப்பர். இராமச்சந்திரனையும் தமிழ் மக்கள் அப்பெயராலேயே அழைத்தனர். சிலம்பம் பயில வரும் மாணவனிடம் வாத்தியார் உடனே கோலைக் கொடுத்துவிடுவதில்லை. முதலில் காலடி வைக்கும் முறையைக் கற்பிப்பார். காலை ஊன்றி நிற்க அறியாதவன் கையால் கோல் சுழற்றுதல் இயலாதன்றோ? இராமச்சந்திரனின் வாழ்க்கையும் அவ்வாறே காலூன்றுதலில் தொடங்கிற்று.

அவர் 1917ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 17ஆம் நாள், இலங்கையில் கண்டிக்கு அருகிலுள்ள நாவலப்பிட்டியில் பிறந்தார். தந்தையார் மருதூர் கோபாலமேனன், தாயார் சத்தியபாமா. இராமச்சந்திரன் சிறு குழந்தையாக இருந்தபோதே தந்தையார் உயிர் நீத்தார். துணையிழந்த அன்னையார் தம் மக்கள் சக்கரபாணியையும் இராமச்சந்திரனையும் அழைத்துக்கொண்டு கடல் கடந்து வந்து, காவிரிக்கரைக் கும்பகோணத்தில் குடியேறினார். அங்கு ஆனையடிப் பள்ளியில் சிறுவர் கல்வி கற்றனர். சுற்றிலும் நெல் விளையும் நாடு. வீட்டிலோ உலை வைக்க அரிசி இல்லை. பசியோடு பள்ளி செல்லும் சிறுவனின் துன்பம் எத்தகையது என்பதை அவர் நூலில் படித்து அறிந்தாரல்லர். தம் வயிற்றாலே அறிந்தார்.

வறுமையின் காரணமாகப் பள்ளிப் படிப்பு நின்றது. உடன்பிறந்தார் இருவரும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் என்னும் நாடகக் குழுவிற் சேர்ந்தனர். அக்காலத்து நாடகக் குழுக்கள் சிறுவர்களுக்கு ஒருவகைக் குருகுலமாக விளங்கின. பாட்டும் கூத்தும் உரையாடலும் மட்டுமன்றி, உடற்பயிற்சியும் கத்திச் சண்டையும் அங்குக் கற்பிக்கப்பட்டன. வீட்டில் அரிதாயிருந்த உணவும் அங்குக் கிடைத்தது. இராமச்சந்திரன் சிலம்பமும் வாட்போரும் மற்போரும் விரும்பிப் பயின்றார். இளமையில் தொடங்கிய உடற்பயிற்சியை முதுமை வரை அவர் கைவிடவில்லை.

1936ஆம் ஆண்டில் வெளிவந்த சதி லீலாவதி என்னும் படத்தில் சிறியதொரு வேடத்தில் அவர் முதன்முதல் தோன்றினார். கதைத்தலைவராக நடிக்கும் வாய்ப்பு 1947ஆம் ஆண்டில் வெளிவந்த இராஜகுமாரியிலேதான் கிடைத்தது. இடைப்பட்ட பதினோராண்டுகள் காத்திருப்பிலே கழிந்தன. எனினும் அவர் அவற்றை வீணே கழிக்கவில்லை. வாய்ப்பு வரும் நாளில் உடல் ஆயத்தமாக இருத்தல் வேண்டும் என்று பயிற்சியைத் தொடர்ந்தார். பின்னர் மர்மயோகி, மதுரைவீரன், நாடோடி மன்னன் முதலிய படங்களில் அவர் வாள் சுழற்றிய திறத்தைக் கண்டு மக்கள் மகிழ்ந்தனர். பெரிய இடத்துப் பெண்ணில் அவர் ஆடிய சிலம்பம், சிற்றூர்க் களங்களில் ஆடப்பெற்ற கலையை நகரத்தாரும் நோக்கச் செய்தது. அவர் ஏற்ற வேடங்களில் வலியவன் எளியவனைக் காப்பான். பகைவன் கை வாள் நழுவினால் அதை எடுக்க இடங்கொடுப்பான். இவ்வறமே அவரைப் பிற வீர நடிகரினின்று வேறுபடுத்திற்று.

இத்தகைய உடலுக்கும் ஊறு நேர்ந்தது. 1959ஆம் ஆண்டில், அதே காவிரி நாட்டுச் சீர்காழியில், இன்பக்கனவு என்னும் நாடகம் நடந்தது. சண்டைக் காட்சியில் உடன் நடித்தவரைத் தூக்கியபோது இராமச்சந்திரனின் கால் எலும்பு முறிந்தது. சிலம்ப வீரனுக்குக் காலே அடிப்படை, அக்காலே முறிந்தது. இனி அவர் சண்டையிட்டு நடித்தல் இயலாதென்று பலர் எண்ணினர். அவரோ பல திங்கள் படுக்கையில் கிடந்து, பின் குழந்தை நடை பயில்வதுபோல் நடந்து பழகி, மீண்டும் களத்தில் இறங்கினார். 1971ஆம் ஆண்டில், ஐம்பது வயதைக் கடந்த நிலையில், ரிக்‌ஷாக்காரன் படத்தில் வண்டியில் இருந்தவாறே கோல் சுழற்றினார். அப்படத்திற்காக இந்திய நாட்டின் சிறந்த நடிகர் என்னும் விருதும் பெற்றார்.

1967ஆம் ஆண்டு சனவரியில் மற்றொரு பேரிடர் நேர்ந்தது. துப்பாக்கிக் குண்டு ஒன்று அவர் கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தார், ஆயினும் முன்னைய குரல் மீளவில்லை. நடிகருக்குக் குரல் போதல், உழவனுக்கு ஏர் போதலை ஒக்கும். அவர் அதற்கு நாணி ஒதுங்கவில்லை. பிறர் குரலை இரவல் வாங்கவும் இல்லை. தழுதழுத்த தம் குரலாலேயே பேசி நடித்தார். மருத்துவமனையில் இருந்தபோதே அவ்வாண்டுத் தேர்தலில் மக்கள் அவரைச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுத்தனர். 1977ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார்.

பள்ளிச் சிறார்க்கு நண்பகல் உணவு வழங்கும் நற்செயலை 1950களிலேயே காமராசர் மாநிலமெங்கும் பரப்பியிருந்தார். அதனை 1982ஆம் ஆண்டில் சத்துணவுத் திட்டமாக இராமச்சந்திரன் விரிவாக்கினார். இவ்வளவு பெருந்தொகைக்கு அரசு எங்கே போகும் என்று வினவியோர் பலர். கும்பகோணத்தில் தாம் பசித்திருந்த நாள்களை அவர் மறந்திலர். ஆதலின் பின்வாங்கவும் இல்லை. அன்று தொடங்கிய அவ்வுணவு, முத்துப்பேட்டை முதலிய ஊர்களின் பள்ளிகளில் இன்றும் சிறார் தட்டுகளில் பரிமாறப்படுகின்றது.

1987ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 24ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். அடுத்த ஆண்டில் பாரத ரத்னா என்னும் உயரிய விருதை நாடு அவருக்கு அளித்தது. அதன் பின்னரே முற்கூறிய அஞ்சல்தலை வெளிவந்தது. அவர் பிறந்த நூறாம் ஆண்டாகிய 2017இல் மீண்டும் ஓர் அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. போர்க்கலை நடிகரை இங்ஙனம் போற்றுதல் பிற நாட்டிலும் உண்டு. ஆங்காங் அஞ்சல்துறை புரூஸ் லீக்கு 2020ஆம் ஆண்டில் அஞ்சல்தலைகள் வெளியிட்டது.

அஞ்சல்தலை மிகச் சிறியதொரு தாள். அஞ்சல் நிலையத்தில் அதன்மேல் முத்திரையின் அடி ஓங்கி விழும். அவ்வடியைத் தாங்கிக்கொண்டே அது கடிதத்தை உரியவர் வாயிலிற் சேர்க்கும். வறுமை, எலும்பு முறிவு, குண்டுக்காயம் என வாழ்க்கை தந்த அடிகளைத் தாங்கி நின்ற ஒருவரின் முகம் அதில் இடம்பெற்றது பொருத்தமேயன்றோ? பயிற்சியால் பெற்ற வலிமை தனக்கு மட்டும் பயன்பட்டால் அது வெறும் உடல் வலிமை; எளியவர் பசி தீர்க்கப் பயன்படுமாயின் அதுவே வீரம். மாணவர் இவ்வுண்மையை உளங்கொண்டு, முதலில் காலூன்றிப் பயின்று, பின்னர்ப் பிறர்க்குக் கைகொடுக்கும் நிலைக்கு உயர்வாராக!