அது நிலக்கரியா, வெறும் கல்லா? கோர்ட் வரை போன 'பாரஃபின்' யங் கதை

ஒரு பாறைக்குள் எவ்வளவு எண்ணெய் இருக்கு? இதைக் கண்டுபிடிக்க இன்றைக்கு 'ராக்-ஈவல்' என்ற முறை இருக்கிறது. பாறைத் தூளைப் படிப்படியாகச் சூடாக்கி, வெளியே வருவதை அளப்பார்கள். கிட்டத்தட்ட இதையே 170 வருஷத்துக்கு முன்பு பெரிய உலைகளில் செய்து பணக்காரர் ஆனவர் ஜேம்ஸ் யங்.

1811-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தார். அப்பா தச்சர். பகலில் அப்பாவுடன் மரவேலை, ராத்திரியில் ஆண்டர்சன் கல்லூரியில் வேதியியல் வகுப்பு. பின்னாளில் ஆப்பிரிக்கப் பயணங்களால் புகழ்பெற்ற டேவிட் லிவிங்ஸ்டன் அங்கே கிடைத்த நண்பர்தான்.

டெர்பிஷயர் சுரங்கம் ஒன்றில் எண்ணெய் கசிவதாக 1847-ல் இன்னொரு நண்பர் லயன் பிளேஃபேர் தகவல் சொன்னார். யங் அதை வடித்து, விளக்கு எரிக்கவும் இயந்திரங்களுக்கு மசகு போடவும் விற்றார். சில வருஷத்தில் கசிவு வற்றிவிட்டது. ஆனால் அதற்குள் அவருக்கு ஒரு யோசனை. பூமிச் சூட்டில் நிலக்கரியிலிருந்து எண்ணெய் வந்திருந்தால், நாமே சூடாக்கி எடுக்கலாமே? தீயை அடக்கி எரிக்க வேண்டும், அவ்வளவுதான். சூடு ஏறினால் எல்லாம் வாயுவாகப் போய்விடும்.

1850-ல் காப்புரிமை. அடுத்த வருஷமே பாத்கேட் ஊரில் தொழிற்சாலை. டார்பேன்ஹில் நிலத்தில் கிடைத்த ஒரு கறுப்புக் கல் எண்ணெயை அள்ளித் தந்தது.

அங்கேதான் வம்பு. நிலத்துக்காரர் குத்தகைக்கு விட்டதில் நிலக்கரியும் உண்டு. இவ்வளவு மதிப்பு இருக்கு என்று தெரிந்ததும், இது நிலக்கரியே இல்லை என்று குத்தகைதாரர்மேல் வழக்குப் போட்டார். 1853-ல் எடின்பரோ நீதிமன்றத்தில் வேதியியல்காரர்கள், நிலவியல்காரர்கள், மைக்ராஸ்கோப் நிபுணர்கள் எல்லாரும் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். நிலக்கரிதான் என்றது ஜூரி. யங்கின் காப்புரிமை பேசியதும் நிலக்கரியைத்தான்!

உண்மையில் இரு தரப்புமே கொஞ்சம் சரி. சாதாரண நிலக்கரி பெரும்பாலும் தரைத் தாவரங்கள் மட்கியது. டார்பேனைட் நுண்பாசி படிந்து உருவானது. பாசியில் ஹைட்ரஜன் அதிகம், அதனால் எண்ணெயும் அதிகம். ஆகவே பாறையில் கார்பன் எத்தனை சதவீதம் என்று பார்த்தால் மட்டும் போதாது, அது எந்த வகை என்றும் தெரிய வேண்டும். ராக்-ஈவலில் சுமார் 300 டிகிரியில் வருவது ஏற்கெனவே உருவாகி நிற்கும் எண்ணெய். அதற்கு மேல் வருவது, கரையாத கரிமப் பொருளான 'கெரோஜன்' உடைந்து பிறப்பது. கெரோஜன் என்ற பெயரே 1906-ல் ஸ்காட்லாந்து எண்ணெய்க் களிப்பாறைக்காக வைத்ததுதான்.

1864-ல் காப்புரிமை முடிந்தது. டார்பேனைட்டும் தீர்ந்துகொண்டே வந்தது. யங் களிப்பாறைக்கு மாறி, அடிவெல்லில் இன்னும் பெரிய ஆலை கட்டினார். சம்பாதித்த காசில் லிவிங்ஸ்டனின் பயணங்களுக்கும் உதவினார். லிவிங்ஸ்டன் இறந்த பிறகு, அவரோடு கடைசி வரை இருந்த சூமா, சூசி இருவரையும் இங்கிலாந்துக்கு வரவழைத்ததும் யங் செலவில்தான்.

1883-ல் அவர் காலமானார். அவர் தொடங்கிய தொழில் 1962 வரை ஓடியது. எண்ணெய் எடுத்த பிறகு கொட்டிய கல், வெஸ்ட் லோதியனில் செக்கச்செவேல் என்று குன்று குன்றாக இன்னமும் கிடக்கிறது.