குடியை வென்ற டாக்டர் பாப்

பரீட்சை மண்டபம் அமைதியாக இருந்தது. மாணவர்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு மட்டும் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. கை அப்படி நடுங்கியது. ஒரு வரிகூட எழுதாத நோட்டைக் கொடுத்துவிட்டு அவர் வெளியேறினார்.

ஒரு பரீட்சையில் மட்டும் அல்ல. மூன்று பரீட்சைகளில் இப்படி நடந்தது!

அவர் டாக்டருக்குப் படித்தவர். பரீட்சைக்கு முன்பு குடித்துக்கொண்டே இருந்ததால் வந்த நடுக்கம் அது. இடம், அமெரிக்காவில் சிக்காகோ நகரில் உள்ள ரஷ் மருத்துவக் கல்லூரி.

அந்த மாணவரின் பெயர் ராபர்ட் ஸ்மித். டாக்டர் பாப் என்றால் பல நாடுகளிலும் தெரியும். குடியால் அழிந்துகொண்டிருந்தவர்களை மீட்பதற்காக ஏற்பட்ட பெரிய சங்கத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர் அவர்.

நீதிபதியின் மகன்

1879-ம் ஆண்டு ஆகஸ்டு 8-ந் தேதி, வெர்மான்ட் மாநிலத்தில் செயின்ட் ஜான்ஸ்பரி என்ற ஊரில் பாப் பிறந்தார். தந்தை நீதிபதி. வீட்டில் கண்டிப்பு அதிகம். மாலை 5 மணிக்கே சிறுவன் படுக்கைக்குப் போய்விடவேண்டும். அவரோ, யாருக்கும் தெரியாமல் நழுவி விளையாடப் போய்விடுவார்.

9 வயதில் ஒரு நாள், வயல்வெளியில் யாரோ ஒளித்துவைத்திருந்த ஜாடி ஒன்று அவர் கண்ணில் பட்டது. அதில் புளித்த ஆப்பிள் மது இருந்தது. குடித்துப் பார்த்தார். பிடித்திருந்தது.

ஆனால் குடி அவரைப் பிடித்துக்கொண்டது கல்லூரியில்தான்.

1898-ல் டார்ட்மவுத் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே தந்தையின் கண்டிப்பு இல்லை. மாணவர்கள் பலர் குடித்தார்கள். பாப் எல்லோரையும்விட அதிகமாகக் குடித்தார். எவ்வளவு குடித்தாலும் மறுநாள் காலையில் அவருக்குத் தலைவலி வராது. நண்பர்களுக்கு அது ஆச்சரியம். அவருக்கு அது பெருமை. அதுவே ஆபத்தின் அறிகுறி என்பது அப்போது யாருக்கும் தெரியவில்லை. 1902-ல் பட்டம் பெற்றார்.

வெளியே போ!

3 ஆண்டுகள் வியாபாரக் கம்பெனிகளில் வேலை பார்த்தார். பிறகு டாக்டராக விரும்பி, 1905-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே குடி முற்றியது. காலையில் கைநடுக்கம் தொடங்கியது. வகுப்புக்குக் கிளம்புவார், பாதி வழியில் திரும்பிவிடுவார். வகுப்பில் கேள்வி கேட்டால் பதில் சொல்ல முடியாமல் போய்விடுமோ என்ற பயம்!

இரண்டாம் ஆண்டில், படிப்பே வேண்டாம் என்று மூட்டை கட்டிக்கொண்டு, நண்பருடைய பண்ணைக்குப் போய்விட்டார். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். பரீட்சை எழுதக் கல்லூரி அனுமதித்தது. அவரும் தேறினார். ஆனால் இனி இங்கே வேண்டாம், வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள்.

1907-ல் ரஷ் கல்லூரிக்கு மாறினார். அங்கும் அதே கதை. நண்பர்கள் தந்தைக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் நெடுந்தூரம் பயணம் செய்து வந்து பார்த்தார். பயன் இல்லை. அதன் பிறகுதான் அந்த மூன்று வெற்று நோட்டுகள்.

கல்லூரி ஒரு நிபந்தனை விதித்தது. இன்னும் இரண்டு பருவம் படிக்கவேண்டும். அதுவரை ஒரு சொட்டுக்கூடக் குடிக்கக்கூடாது. பாப் அதை நிறைவேற்றினார். 1910-ல், 31-வது வயதில், டாக்டர் பட்டம் பெற்றார். ஒகையோ மாநிலத்தில் உள்ள ஆக்ரன் நகர ஆஸ்பத்திரியில் நல்ல வேலையும் கிடைத்தது.

ஆனால், நிபந்தனை முடிந்தது, கட்டுப்பாடும் முடிந்தது. தனியாக வைத்தியம் தொடங்கியதும் மீண்டும் குடி வந்தது.

காலுறையில் பாட்டில்

ஆன் என்ற பெண்ணை அவர் பள்ளி நாட்களிலேயே சந்தித்திருந்தார். 17 ஆண்டுகள் கழித்து, 1915-ல், இருவருக்கும் திருமணம் நடந்தது. ஒரு மகனும் ஒரு மகளும் வளர்ந்தார்கள்.

1920-ல் அமெரிக்காவில் மதுவிலக்கு வந்தது. இனிமேல் தப்பிவிடலாம் என்று பாப் நம்பினார். ஆனால் மருந்துக்காக டாக்டர்கள் மது வாங்கலாம் என்று சட்டத்தில் இடம் இருந்தது. கள்ளச் சரக்கும் தாராளமாகக் கிடைத்தது.

பகலில் நடுக்கம் தெரியாமல் இருக்க மயக்க மருந்து மாத்திரை, இரவில் மது. இப்படியே நாட்கள் ஓடின. நிலக்கரித் தொட்டியில் பாட்டிலை ஒளித்துவைப்பார். கதவு நிலையின் மேல் வைப்பார். மனைவி சோதனை போட்டால், சிறிய பாட்டிலைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு வருவார். நோயாளிகள் குறைந்தார்கள். கடன் ஏறியது. மனைவி ஆன் அழுதார், வேண்டினார். பாப் சத்தியம் செய்தார். எந்தச் சத்தியமும் நிலைக்கவில்லை.

15 நிமிடம் 6 மணி நேரம் ஆனது

1935-ம் ஆண்டு மே மாதம். நியூயார்க்கில் இருந்து பில் வில்சன் என்பவர் ஆக்ரனுக்கு வந்திருந்தார். அவரும் ஒரு காலத்தில் பெருங்குடிகாரர். குடியை விட்டு 5 மாதம்தான் ஆகியிருந்தது. வந்த காரியம் தோல்வி அடைந்துவிட்டது. ஓட்டல் கூடத்தில் தனியாக நின்றார். பக்கத்திலேயே மதுக்கடை. உள்ளே சிரிப்புச் சத்தம். கால் அந்தப் பக்கம் இழுத்தது.

அப்போது அவருக்கு ஓர் உண்மை புரிந்தது. இன்னொரு குடிகாரருக்கு உதவ முயன்றபோதெல்லாம் தனக்குக் குடிக்கத் தோன்றியது இல்லை! மதுக்கடைக்குப் போகாமல் டெலிபோனை எடுத்தார். பாதிரியார் ஒருவரின் மூலமாக, ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற அம்மையார் கிடைத்தார். அந்த அம்மையார் டாக்டர் பாப் குடும்பத்துக்கு வேண்டியவர்.

மறுநாள் அன்னையர் தினம். அதற்காக பாப் ஒரு பூத்தொட்டி வாங்கிவந்து மனைவியிடம் கொடுத்தார். பிறகு போதையில் படுத்துவிட்டார். எனவே சந்திப்பு மறுநாள், மே 12-ந் தேதிக்குத் தள்ளிப்போயிற்று.

15 நிமிடம்தான் இருப்பேன் என்று சொல்லித்தான் பாப் போனார். மாலை 5 மணிக்கு உட்கார்ந்தவர்கள், இரவு 11 மணிக்கு மேல்தான் எழுந்தார்கள்.

பில் உபதேசம் செய்யவில்லை. தான் பட்ட பாட்டைச் சொன்னார். தனக்கே உதவி தேவைப்பட்டதால் தேடி வந்ததாகச் சொன்னார். தந்தையும் கல்லூரியும் சட்டமும் செய்ய முடியாததை அந்தப் பேச்சு செய்தது. தன்னைப்போலவே அடிபட்ட ஒருவர், தன் பாஷையில் பேசுவதை பாப் முதன்முதலாகக் கேட்டார்.

கடைசிக் குடி

ஆனாலும் ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடவில்லை. டாக்டர்கள் மாநாட்டுக்காக பாப் அட்லாண்டிக் சிட்டிக்குப் போனார். அங்கே நிலை தவறிக் குடித்தார். நினைவு தப்பித் திரும்பினார். அவர் வீட்டிலேயே தங்கியிருந்த பில்லும் மனைவி ஆனும் 3 நாட்கள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார்கள். யாரும் ஏசவில்லை.

அன்று காலை அவர் ஓர் ஆபரேஷன் செய்யவேண்டி இருந்தது. நடுக்கம் நிற்பதற்காக பில் ஒரு பாட்டில் பீர் கொடுத்தார். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. பாப் உடனே வீடு திரும்பவில்லை. கடன்காரர்களையும், தன்னால் மனம் புண்பட்டவர்களையும் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டார். இரவில் திரும்பினார். அந்த பீர்தான் அவர் குடித்த கடைசி மது. 1935 ஜூன் 10-ந் தேதியைத்தான் சங்கத்தின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள்.

உடனே இருவரும், ஆக்ரன் ஆஸ்பத்திரியில் கட்டிலோடு கட்டப்பட்டுக் கிடந்த ஒரு வக்கீலைத் தேடிப்போனார்கள். அவர் மூன்றாவது ஆள் ஆனார். 1939-ல் சங்கத்தின் புத்தகம் வெளிவந்தது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பது அதன் பெயர். சங்கத்துக்கும் அதுவே பெயர். அங்கே முழுப் பெயர் சொல்ல வேண்டியது இல்லை; கட்டணமும் இல்லை.

குடிகாரர்களுக்குக் கட்டில் கொடுக்க ஆஸ்பத்திரிகள் தயங்கிய காலம் அது. செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் இருந்த கன்னியாஸ்திரீ இக்னேஷியா, வயிற்றுக்கோளாறு என்று எழுதி அவர்களைச் சேர்த்துக்கொண்டார். அங்கே பாப் சுமார் 5,000 பேருக்குப் பணம் வாங்காமல் சிகிச்சை செய்தார். 1950 நவம்பர் 16-ந் தேதி, புற்றுநோயால் காலமானார். அதுவரை 15 ஆண்டுகள் ஒரு சொட்டும் தொடவில்லை.

கல்லூரிகள் கற்ற பாடம்

சங்கம் இன்று சுமார் 180 நாடுகளில் இருக்கிறது. கல்லூரிகளும் ஒரு பாடம் கற்றன. அமெரிக்காவில் ரட்ஜர்ஸ் பல்கலைக்கழகம், போதையை விட்ட மாணவர்கள் ஒன்றாகத் தங்குவதற்கு 1988-ல் தனி விடுதி ஏற்படுத்தியது. அங்கே ஒருவருக்கு ஒருவர் துணை. படிப்பும் நிற்பது இல்லை. டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகமும் 1986-ல் இத்தகைய திட்டத்தைத் தொடங்கியிருந்தது. பாப்பை வேறு இடம் பார்க்கச் சொன்ன மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் பின்னாளில் அப்படி ஒரு திட்டம் வந்தது!

வீட்டில் படிக்கும் பிள்ளை இந்த வலையில் சிக்கினால், அடித்து விரட்டாதீர்கள். மூடி மறைக்கவும் வேண்டாம். குடி ஒரு நோய். முதலில் டாக்டரிடம் அழைத்துப்போங்கள். நீண்டநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புக்கூட வரலாம். பிறகு, அதே பள்ளத்தில் விழுந்து கரையேறிய ஒருவரோடு பேசவிடுங்கள்.

டாக்டர் பாப்புக்குக் கல்லூரியில் அப்படி ஒருவர் கிடைத்திருந்தால், 30 ஆண்டு வேதனை மிச்சமாகியிருக்கும்.