கோலைக் காத்த பீட்டர் தங்கராஜ்

மாலையில் கோயில் மணி அடிக்கும்வரை நம் சிறுவாச்சூர்ப் பிள்ளைகள் பந்து உதைப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். இரு பக்கமும் கல்லை வைத்துக் கோல் ஆக்குவார்கள். ஓட முடியாத பையனைப் பிடித்து அங்கே நிறுத்துவார்கள். பந்து உள்ளே போய்விட்டால் எல்லாருடைய ஏச்சும் அவனுக்கே. அந்தப் பையனை மனத்தில் வைத்து, இந்த யூபிலி மலரில் ஒரு பெரிய விளையாட்டு வீரரின் வரலாற்றைச் சொல்ல விழைகிறோம்.

புனித இராயப்பரின் பெயரைத் தாங்கிய பீட்டர் தங்கராஜ், 1935 டிசம்பர் 24ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தின நாள், ஐதராபாத்தில் பிறந்தார். செகந்தராபாத்தின் சிறிய சங்கங்களில் விளையாடத் தொடங்கியவர், 1953இல் இராணுவத்தில் சேர்ந்து, நீலகிரி வெல்லிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்ட் மையத்துக்கு வந்தார். முதலில் அவர் முன்னே ஓடிக் கோல் அடிக்கும் ஆட்டக்காரர். பிறகுதான் கோல் காக்கும் இடம் அவருக்கு வாய்த்தது. ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் நீண்ட கைகளும் அங்கே பயன்பட்டன. 1955இலும் 1958இலும் அந்த மையத்தின் குழு தூரந்த் கோப்பையை வென்றது. 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் பந்தயங்களுக்குச் சென்ற இந்தியக் குழுக்களில் அவர் இடம்பெற்றார்.

1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. பயிற்சியாளர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம். தங்கராஜ் காய்ச்சலில் படுத்துவிட்டார். அரையிறுதியில் தென் வியட்நாமை எதிர்த்துக் கோலில் நின்றவர் வங்காளத்தின் பிரத்யுத் பர்மன். அந்த ஆட்டத்தில் நம்மவர் 3–2 என்று வென்றனர். ஆனால் செப்டம்பர் 4ஆம் நாள், தென் கொரியாவோடு நடந்த இறுதி ஆட்டத்தில் ரஹீம் தங்கராஜையே நிறுத்தினார். வெற்றிக்கு வழி செய்துவிட்டு வெளியே உட்கார்ந்த பர்மனின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! நோயிலிருந்து எழுந்து அவருடைய இடத்தில் நின்றவருக்கும் அது எளிய சுமையன்று.

அரங்கில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். இஸ்ரேலையும் தைவானையும் போட்டிக்கு அழைக்காததை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்ததால், கூட்டம் முழுவதும் நமக்கு எதிராகக் கூச்சலிட்டது. தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங் ஒரு கோலும், பி. கே. பானர்ஜி ஒரு கோலும் அடித்தனர். கடைசி நிமிடங்களில் கொரியா ஒன்றைத் திருப்பியது. அதற்குமேல் பந்து உள்ளே போகவில்லை. தங்கப் பதக்கம் இந்தியாவுக்குக் கிடைத்தது. மறு ஆண்டே, 1963இல், ரஹீம் காலமானார்.

கல்கத்தாவின் மூன்று பெரும் சங்கங்களான முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்றுக்கும் தங்கராஜ் ஆடினார். ஒன்றுக்கொன்று பகையான அம்மூன்று சங்கங்களின் ரசிகர்களும் அவரை மதித்தனர். 1967இல் அர்ஜுனா விருது பெற்றார்.

ஆடும் வயது கடந்ததும் அவர் பயிற்சியாளரானார். கோவாவின் வாஸ்கோ சங்கத்திலும், பின்பு பொகாரோ எஃகு ஆலையிலும் இளைஞர்களைப் பழக்கினார். கோல் காத்தவருக்கு இது கடினமான மாற்றம் என்றே நினைக்கிறோம். இனிப் பந்து வரும்போது தாமே பாய்ந்து பிடிக்க முடியாது. கற்றுக்கொடுத்துவிட்டுக் கோட்டுக்கு வெளியே நின்று பார்க்கத்தான் முடியும். பிள்ளைகளை வளர்த்த ஒவ்வொரு தாய் தகப்பனுக்கும் இந்த நிலை தெரியும். 2008 நவம்பர் 24ஆம் நாள் பொகாரோவில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

கோல் அடித்தவன் பெயரை ஊரே சொல்லும். தடுத்தவன் பெயரைச் சிலரே நினைப்பர். நம் பங்கும் அப்படிப்பட்டவர்களால்தான் இந்த யூபிலியைக் கண்டது. விடியுமுன் மணி அடித்தவர், கோயிலைப் பெருக்கியவர், நன்கொடைப் பட்டியலில் பெயர் வராமல் உழைத்தவர், இன்னொருவருக்கு இடம் விட்டு ஒதுங்கியவர் எத்தனை பேர்! பூசையில் அவர்களை நினைவுகூருவோம். நாளை மாலை கல்லுக்கு நடுவே நிற்கும் பையனைக் கண்டால், நின்று ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போவோம்.