பெயரின் பொருள் கண்டவர்

மனிதனுக்குப் பெயர் யாருக்காக? தனக்காகவா, பிறருக்காகவா? தன் பெயரைச் சொல்லித் தன்னையே அழைத்துக்கொள்வார் எவரும் இலர். பெயர் நம்முடையது, வழங்குவோர் பிறர். இந்தச் சிறு செய்திக்குள் உளவியலின் பெரியதோர் உண்மை அடங்கியிருக்கிறது. அதை வட அந்தமான் மக்களிடம் கண்டு உலகுக்கு எடுத்துரைத்த அறிஞர் ஒருவரின் வரலாற்றை எழுத விரும்புகிறேன். நான் திக்லிபூரில் பிறந்தவன். அவர் ஆராய்ந்த மக்களின் மண்ணே இன்று என் ஊர். ஆதலால் இதை எழுதும் கடமையும் எனக்கு உண்டு.

யார் அவர்? 1881ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் பிறந்த ஆல்பிரட் ரெஜினால்டு பிரவுன். இளமையிலேயே தந்தையை இழந்தவர். கேம்பிரிட்ஜில் பயின்றபோது பொதுவுடைமை அறிஞர் குரோபாட்கினிடம் பற்றுக் கொண்டார். அதனால் நண்பர்கள் அவருக்கு 'அரசிலிப் பிரவுன்' என்று பட்டப்பெயர் சூட்டினர். மாணவர் உலகம் எங்கும் ஒன்றுதான்! அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்த ரிவர்சு, மனித இயல் அறிந்தவர், உளவியலிலும் வல்லவர்.

1906 முதல் 1908 வரை பிரவுன் அந்தமானில் ஆராய்ச்சி செய்தார். வடக்கே அன்று சாரியார், கோரா, போ, ஜெரு என நான்கு குழுவினர் இருந்தனர். வெளியார் கொணர்ந்த நோய்களால் அவர்கள் நலிந்திருந்த காலம் அது. 1901ஆம் ஆண்டுக் கணக்கில் பேரந்தமானியர் எல்லாரும் சேர்ந்தே 625 பேர்தாம்.

அவர்களைப் பற்றி உலகம் என்ன நினைத்திருந்தது? 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ, அவர்கள் நாய்முகம் உடையவர் என்று கதை சொன்னார். அவர்களோ, இந்தியாவிலிருந்து வந்தவர்களை 'லாவ்' என்றனர். ஆவி என்பது அதன் பொருள். நாம் அவர்களை விலங்கு என்றோம். அவர்கள் நம்மைப் பேய் என்றார்கள். அறியாதவரை மனிதராகக் காண்பது எத்துணை அரிது!

பிரவுன் அவர்களுடைய வழக்கங்களைக் கூர்ந்து நோக்கினார். ஒருவர் இறந்தால் துக்கம் முடியும்வரை அவர் பெயரை எவரும் சொல்லார். துக்கம் காப்பவரையும் பெயரிட்டு அழையார். பெண் பூப்பெய்தினால் பழைய பெயர் நீங்கும்; அப்போது காட்டில் பூத்திருக்கும் மலரின் பெயர் அவளுக்குச் சூட்டப்படும். குழந்தையை எதிர்நோக்கும் தாய் தந்தையரின் பெயரும் சிறிது காலம் மறைந்திருக்கும்.

மூடப்பழக்கம் என்று இதைத் தள்ளிவிடலாமா? பிரவுன் தள்ளவில்லை. பெயர் என்பது சமூகத்தில் ஒருவனுக்குள்ள இடத்தின் அடையாளம். அந்த இடம் மாறிக்கொண்டிருக்கும்போது பெயரும் ஓய்வு கொள்கிறது. புதிய இடம் உறுதியானதும் பெயர் திரும்புகிறது. அல்லது புதுப்பெயர் வருகிறது. 1922இல் வெளிவந்த அவருடைய அந்தமானியர் பற்றிய நூலில் இந்தக் கருத்து விளக்கம் பெறுகிறது. கணவன் பெயரைச் சொல்லாத நம் பாட்டிமாரை எண்ணிப் பாருங்கள். நேற்றுவரை பெயர் சொல்லி அழைத்தவரை இறந்த மறுகணமே பிணம் என்கிறோமே, அதையும் எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு வழக்கம்: பிரிந்தவர் கூடினால் ஒருவர் மடியில் ஒருவர் அமர்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவர். துயரத்தால் அன்று, அறுந்த உறவை மீண்டும் முடிந்துகொள்வதற்காக. கண்ணீரும் அங்கே ஒரு மொழி.

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் கூலி என்ற அறிஞர், பிறர் கண்ணாகிய கண்ணாடியில்தான் மனிதன் தன்னைக் காண்கிறான் என்ற கருத்தை 1902இல் வெளியிட்டார். சிகாகோவில் மீட் அதை வளர்த்தார். நூலறையில் அவர்கள் கண்டதற்குக் காடும் கடலும் சான்று கூறின.

பிரவுனின் பிற்கால வாழ்வு ஊர் ஊராகக் கழிந்தது. கேப்டவுன், சிட்னி, சிகாகோ, ஆக்சுபோர்டு எனப் பல இடங்களில் பேராசிரியராக விளங்கினார். மைசூரில் பிறந்த சமூகவியல் அறிஞர் எம். என். சீனிவாசு ஆக்சுபோர்டில் அவரிடம் பயின்றவர். இடையே, 1926இல், தம் தாய்வழிக் குடும்பப் பெயரையும் சேர்த்துச் சட்டப்படி ராட்கிளிப்-பிரவுன் ஆனார். பெயர் மாறினால் ஆளின் இடமும் மாறும் என்று அந்தமானில் கண்டவர், அதைத் தம் வாழ்விலும் செய்து காட்டினார் எனலாம்! 1955இல் இலண்டனில் மறைந்தார்.

அவர் பெயர் நிலைத்துவிட்டது. அவருக்குக் கற்பித்த மக்களின் நிலை என்ன? 1961இல் பேரந்தமானியர் 19 பேரே எஞ்சினர். அவர்கள் நடமாடிய வடக்கில் கிழக்கு வங்காளத்தாரும் பிறரும் குடியேறிக் காடு திருத்தினர், திக்லிபூர் வளர்ந்தது. 2010இல் போ மொழி பேசிய கடைசி மூதாட்டி போவா கண்மூடினார். தம் மொழியில் தம்மை அழைப்பார் எவருமின்றி அவர் பல ஆண்டுகள் வாழ்ந்தார். பிறர் கண்ணாடி என்றால், அந்தக் கண்ணாடி உடைந்தவரின் தனிமையை என்னென்பது?

தோழர்களே! நம் விடுதியில் ஒருவரை ஊராலும் நிறத்தாலும் பேச்சாலும் அளந்து, ஒரு பட்டப்பெயரில் அடக்கிவிடுகிறோம். விளையாட்டு என்று நாம் நினைக்கிறோம். அவரோ அதில் தம்மைக் காண்கிறார். ஒருவரைப் பெயர் சொல்லி அழைப்பது, நம்மிடையே உனக்கோர் இடம் உண்டு என்று சொல்வதாகும். அந்த இடத்தைத் தருவதும் மறுப்பதும் நம் நாவில் இருக்கிறது.