கஞ்சா வளர்த்த மலையின் குரு

ஜமைக்கா தீவின் கறுப்பர்களுக்குக் கஞ்சாவின் பெயர் கஞ்சாதான். 1845 முதல் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய இந்தியக் கூலிகளோடு போன சொல் அது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பர்கள் அவர்களோடு பழகி அச்செடியின் குணங்களை அறிந்தனர். சளிக்கும் காய்ச்சலுக்கும் இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தனர். ரம்மில் ஊறவைத்து வலிக்குத் தேய்த்தனர். டாக்டரிடம் போக வழியற்றவர்களின் வைத்தியம் அது. 1913-ல் வெள்ளையர் ஆட்சி அதைச் சட்டத்தால் தடுத்தது.

அந்த ஏழைகளிடையே தோன்றியவர் லெனார்டு ஹோவெல். 1898-ல் ஜமைக்காவின் கிளாரண்டன் பகுதியில் பிறந்தவர். இளமையில் பனாமாவிலும் நியூயார்க்கிலும் பிழைப்புத் தேடி அலைந்து, 1932-ல் ஊர் திரும்பினார்.

1930-ல் முடிசூடிய எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசியே கறுப்பர்களின் தெய்வம் என்றும், இங்கிலாந்து மன்னருக்கு அவர்கள் கட்டுப்பட வேண்டியதில்லை என்றும் பிரசாரம் செய்தார். 1934-ல் ராஜத்துரோகக் குற்றத்துக்காக இரண்டாண்டுச் சிறை கிடைத்தது. பேரரசரின் இளமைப் பெயரான ராஸ் தஃபாரியே இயக்கத்தின் பெயராயிற்று. தாம் எழுதிய நூலுக்கு ஹோவெல் சூட்டிக்கொண்ட பெயரோ ஜி. ஜி. மராக். மகாராஜ் என்ற நம் நாட்டுச் சொல்லின் திரிபு அது.

1940-ல் ஸ்லைகோவில் மலைமேல் 'பின்னக்கிள்' என்ற குடியிருப்பை அமைத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே கூடி வாழ்ந்தனர். உணவுப் பயிர்களோடு கஞ்சாவும் பயிராயிற்று. அதுவே அவர்களது வருமானம், மருந்து. மக்களைக் குணமாக்கும் இலை என்று பைபிள் கூறுவது இதையே என்பது ராஸ்தாக்களின் நம்பிக்கை. கூடியமர்ந்து புகைத்து, தெய்வத்தை எண்ணித் தியானிப்பது அவர்களது வழிபாடாயிற்று.

போலீஸ் விடவில்லை. 1941-ல் புகுந்தது. 1954-ல் குடிசைகளையும் செடிகளையும் அழித்தது. மக்கள் கிங்ஸ்டன் நகரச் சேரிகளுக்குச் சிதறினர். நம்பிக்கையும் கூடவே சென்றது. ஹோவெலையோ மனநோய் மருத்துவமனையிலும் அடைத்தனர். 1981-ல் அவர் காலமானார். ராஸ்தா நெறியை உலகெங்கும் பாடிப் பரப்பிய பாப் மார்லியும் அதே ஆண்டு மே மாதம் மறைந்தார்.

1980-களில் ஜமைக்கா விஞ்ஞானிகளே கஞ்சாவிலிருந்து கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து தயாரித்தனர். 2015-ல் சட்டம் திருத்தப்பட்டு, ராஸ்தாக்கள் வழிபாட்டில் கஞ்சாவைப் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. ஹோவெல் இறந்து 34 ஆண்டுகள் ஆகியிருந்தன.